ஊசிக்கு முன் ஒரு பிரியாணிக் கேள்வி

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. நோயாளியின் மனநிலையைப் புரிந்து நடந்துகொண்டால் வேலையும் நன்றாக நடக்குமாம். தலையாட்டிவிட்டு வார்டுக்கு வந்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஆம்பூர்க்கார அண்ணன் ஒருவர். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் கத்தியும் கையுமாகத் தோல் வெட்டுகிறவர். என் கையில் ஊசியைப் பார்த்ததும் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். காய்ச்சல் கொதிக்கிறது, டிரிப்ஸ் ஏற்றியே ஆக வேண்டும்.

"வேணாம் சிஸ்டர், மாத்திர குடுங்க போதும்."

"சரிண்ணே. ஆமா, உங்க ஊரு பிரியாணிய விட வாணியம்பாடி பிரியாணிதான் நல்லாருக்குன்னு சொல்றாங்களே, நெஜமா?"

"எவன் சொன்னது?"

கை தானாக முன்னால் வந்துவிட்டது. சீரகச் சம்பா அரிசியில் ஆரம்பித்து அவர் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க்கு வருவதற்குள் ஊசி ஏறி, பிளாஸ்டரும் ஒட்டியாகிவிட்டது.

காலை வகுப்புக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னேன். பக்கத்துக் கட்டிலைத்தான் பார்க்க மறந்துவிட்டேன்.

"சிஸ்டர் சொன்னதுல இன்னா தப்பு?" என்று அங்கிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு ஊர் வாணியம்பாடி.

அதன்பிறகு வார்டே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மாலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "என்ன சிஸ்டர், இன்னைக்கு எல்லாருக்குமே பிரஷர் ஜாஸ்தியா இருக்கு?"

"வெயில் டாக்டர்" என்றேன்.

எனக்குக் காட்பாடி. நான் எந்தக் கட்சியும் இல்லை. கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் மட்டும் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு வரவும்.