புரூஜிலிருந்து தனியாக வந்தவர்

என் மனிதர் சூசைநாதனுக்கு விடுமுறை என்றால் என்னவென்றே தெரியாது. பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மீன்கடை வேலை. பெட்டி இறக்குவார், வெட்டுவார், கழுவுவார், வீட்டுக்கு வந்து படுப்பார். விசா இல்லாத காலத்தில் மெட்ரோவில் பொலிஸ் மறிக்கும் என்று பயந்து பின்தெருக்களால் நடந்தே வேலைக்குப் போனவர். கடைசியில் பத்து வருட வதிவிடக் கார்த் கிடைத்தது. அதன் பிறகும் மெட்ரோ ஏறினால் கதவோரம்தான் நிற்பார். எனக்கு அதைப் பார்க்கவே பத்திக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் எங்காவது போய்வந்த கதை சொல்கிறார்கள் என்று மகள் கஜானி அழுதாள். நானும் விடாமல் அரித்தெடுத்தேன். 2016 வசந்த விடுமுறையில், பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரத்துக்கு பஸ்ஸில் இரண்டு நாள் பயணமாகப் போனோம்.

வடிவான ஊர். பழைய வீடுகளின் கூரை முகப்புகள் படி படியாக ஏறுகின்றன, தெருவுக்குத் தெரு வாய்க்கால், மேலே சின்னச் சின்னக் கற்பாலங்கள். இரண்டாம் நாள் படகுக்கு வரிசையில் நின்றபோதுதான் அவருடைய பேர்ஸுக்குள் கண்ணை விட்டேன். கார்த்தின் நிறம் சரியாக இல்லை.

“என்னப்பா இது? கொப்பியே?”

“ஓம். ஒறிஜினல் வீட்டை, மடுமாதா படத்துக்குப் பின்னாலை இருக்கு. கொண்டு வந்து துலைஞ்சால் ஆர் திருப்பித் தாறது?”

எனக்கு விசர் பிடித்தது. போன நவம்பர் பாரிஸில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் பொலிஸ் நிற்கிறது. மீன்கடையில் நாள் முழுக்க அதைத்தான் கதைக்கிறார்கள். கேட்டுக்கொண்டே மீன் வெட்டிய மனிதர் இவர்.

“திரும்பிப் போகேக்கை இறக்கினாங்கள் எண்டால் என்ன செய்வியள்?”

“வரேக்கை ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே.”

படகில் ஏறினோம். படகோட்டி ஒவ்வொரு வீட்டையும் காட்டி ஏதோ சொன்னார், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கஜானி மட்டும் அன்னத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். இவர் பாலத்துக்குப் பாலம் யார் நிற்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

பின்னேரம் பஸ் எல்லையைத் தாண்டி பிரான்சுக்குள் நுழைந்ததும் ஓரங்கட்டப்பட்டது. வெளியே பொலிஸ் வாகனம். நான் அவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் எழும்பி, முன்னால் காலியாகக் கிடந்த ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பொலிஸ்காரர் கொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருடன் வந்தீர்கள் என்று கேட்டார்.

“தனியத்தான்,” என்று இவர் பிரெஞ்சில் சொன்னார். பஸ் முழுக்கக் கேட்டது.

களவாக எல்லை தாண்டவைக்கும் ஏஜென்சிக்காரன், எங்களைக் காட்டுக்குள்ளால் கூட்டிவரும்போது முதலில் சொல்லித்தருவது இதுதான். பிடிபட்டால் பக்கத்தில் நிற்பவனைத் தெரியாது. அவன் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. நானும் அந்த வழியால் வந்தவள், எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் இது காடா? என் கார்த் கைப்பைக்குள் இருக்கிறது, பிள்ளை பிரெஞ்சுப் பிரஜை. இவர் என் மனிதர் என்று எழும்பிச் சொன்னால் போதும். நான் எழும்பவில்லை. என் கை கஜானியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

அவரைக் கீழே இறக்கினார்கள். வாகனத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி நின்றார். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. ஒரு பொலிஸ்காரர் கார்த் இலக்கத்தை ரேடியோவில் வாசித்துவிட்டுக் காத்திருந்தார். சாரதி பொறுமையில்லாமல் மணிக்கூட்டைப் பார்த்தார். மாதாவே, அவரை விட்டுவிட்டு பஸ்ஸை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

கடைசியில் கொப்பியைக் கையில் கொடுத்து, இனிமேல் ஒறிஜினலை வைத்திருங்கள் என்று அனுப்பினார்கள். அவ்வளவுதான். அவர் ஏறி, எங்கள் பக்கம் பார்க்காமல் அதே முன்னிருக்கையில் உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டது. இப்போது வருவார், இப்போது வருவார் என்று பார்த்திருந்தேன். வரவில்லை.

கஜானி என் கையைத் தட்டிவிட்டு எழும்பிப் போனாள். எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அவர் முன்னால் போய் நின்று தமிழில் கேட்டாள்.

“அப்பா, அப்ப நாங்கள் ஆர்?”

“பின்னாலை போய் இரும், பிள்ளை,” என்றார் மெதுவாக, வாயைக்கூட அசைக்காமல். “இன்னும் போடர் தாண்டேல்லை.”

நான் பைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். ஏச வேண்டும் என்றுதான் போனேன். முகத்தைப் பார்த்ததும் ஏச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அவர் கைகள் இருக்கையை விட்டு எழவில்லை.

“தாண்டிட்டம்,” என்றேன். “போடரும் தாண்டி, லில் ரவுணும் தாண்டிட்டம்.”

அவர் யன்னலால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீர் வடிவாப் பாத்தனீரோ?”