எங்கள் தெருவில் நட்சத்திரம் கட்டும் நாள்

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எந்த நாளில் வாசலில் கட்டுவது என்பது எங்கள் வீட்டில் ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் எழுகிற விவாதம். அம்மாவின் கட்சி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அவள் பிறந்த ஊரில் மாதா கோவில் தெரு முழுவதும் அன்றைக்கே கட்டிவிடுவார்களாம். அப்பாவின் கட்சி, மழை நின்ற பிறகு. அவர் உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்திருப்பவர். மழை முடிவதற்குள் வெளியே வைக்கிற எதுவும் கரைந்துபோகும் என்பது தொழில் அவருக்குக் கொடுத்த ஒரே கொள்கை. நட்சத்திரமும் காகிதத்தால் ஆனது என்பதால், கொள்கைக்கு ஆதாரமும் இருந்தது. ஆகவே எங்கள் வாசலில் நட்சத்திரம் எப்போதும் பண்டிகைக்கு இரண்டொரு நாள் முன்னால்தான் எரியும்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். டிசம்பர் பிறந்துவிட்டால் தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், ஸ்டார் எப்போது போடுவீர்கள் என்று விசாரிப்பார்கள். போட்டுவிட்டால், போட்டாயிற்றா, நல்லது என்று மனநிறைவோடு போவார்கள். எங்கள் பண்டிகையின் மேல் அவர்கள் காட்டிய அக்கறை எங்களைப் பல ஆண்டுகள் நெகிழவைத்தது. அவர்கள் விசாரித்தது பண்டிகையை அல்ல, வானிலையை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா நட்சத்திரம் கட்டினால் அந்த ஆண்டு மழை முடிந்தது என்று பொருள். அதைப் பார்த்துத்தான் உப்புக் குவியல்களின் மேல் மூடியிருக்கும் பனையோலையைப் பிரிப்பார்கள், லாரிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அப்பாவின் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லையாம். டிசம்பர் இருபதைத் தாண்டிய பிறகு மழை நின்றுவிட்டது என்று சொல்லப் பெரிய ஞானம் வேண்டியதில்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2004இல் மழை இழுத்துக்கொண்டே போனதால் பண்டிகைக்கு முந்தைய நாள்தான் நட்சத்திரம் ஏறியது. பண்டிகைக்கு மறுநாள், இருபத்தாறாம் தேதி ஞாயிறு காலையில், கடல் உள்ளே வந்தது. எங்கள் தெரு உள்ளடங்கி இருந்ததால் தப்பியது. கடற்கரைக் குப்பங்களில் அப்படி இல்லை. அன்று பகலில் அம்மா நாற்காலியின் மேல் ஏறி நட்சத்திரத்தை அவிழ்த்தாள். ஜனவரி முதல் வாரத்து மூன்றரசர் திருநாள் வரை தொங்க வேண்டியது. அவிழ்க்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் அவிழ்க்கிறாய் என்று யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் அம்மா விவாதத்தையே எழுப்பவில்லை. நான் அப்போது புதுச்சேரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கண் பரிசோதனைக்காக அங்கு வந்த அம்மா, திரும்பும்போது என்னையும் அழைத்துக்கொண்டு கோட்டக்குப்பத்தில் இறங்கினாள். அங்கே ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வந்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் துபாயிலிருந்து திரும்பியவர். சிவப்பு நட்சத்திரம் ஒன்றை விரித்துக் காட்டினார்.

“மழையில நனைஞ்சா என்னா ஆவும் பாய்?” என்று அம்மா கேட்டாள்.

“ஒண்ணும் ஆவாதும்மா. துபாய்ல நான் வேல பார்த்த கடைல இதேதான். வருசக்கணக்கா வெளியவே தொங்குச்சி, ஒண்ணும் ஆவல.”

“அங்க மழை ஏது பாய்?”

“அதான் ஒண்ணும் ஆவல” என்றார் அவர்.

அம்மா வாங்கிவிட்டாள்.

திருவருகையின் முதல் ஞாயிறன்று பூசையிலிருந்து திரும்பியதும் அவள் நட்சத்திரத்தை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். அவர் அதை விரலால் சுண்டிப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் வழிந்து தரையில் போயிற்று. கொள்கைக்கு ஆதாரம் இல்லாமல் போனதை ஒப்புக்கொண்டு, அவரே நாற்காலி போட்டுக் கட்டினார். மாலையில் விளக்கு எரிந்தது. அன்று நல்ல வெயிலும் அடித்திருந்தது.

எதிர்வீட்டு மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவரும் உப்பளக் குத்தகைக்காரர், அப்பாவைவிட மூத்தவர். அந்த ஆண்டு அவரிடம் விற்காமல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குவியல். மழைக்காலம் முடியும்போது உப்புக்கு நல்ல விலை வரும் என்று வைத்திருந்தார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அந்தக் குவியல் விற்றால்தான் கல்யாணம்.

திங்கட்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது அந்த மகள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், இந்த வருசம் உங்க ஸ்டார் சீக்கிரமே வந்துடுச்சே என்றாள். நான் ஆமாம் என்றேன். அவளுடைய அப்பா விடியற்காலையிலேயே ஆள் கூட்டிக்கொண்டு ஓலை பிரிக்கப் போய்விட்டார் என்றும் சொன்னாள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். அவள் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்கப்பா ஸ்டார் போட்டா மழை முடிஞ்சிதுன்னு அர்த்தம். உனக்குத் தெரியாதாக்கா?”

இன்று என்ன கிழமை என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லும் தொனியில் அவள் அதைச் சொன்னாள். நான் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பினேன்.

அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை இரண்டு முறை கேட்டார்.

“மழை நின்னுச்சின்னு யாரு சொன்னது?”

“நீங்கதானாம்” என்றேன்.

அவர் வாசலுக்கு வந்து முதலில் நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு கிழக்கே பார்த்தார். கடலுக்கு மேலே கரிய பட்டை ஒன்று எழும்பியிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். அம்மாவும், எதிர்வீட்டு அத்தையும், அவர்கள் மகளும், நானும் பின்னால் நடந்தோம். மணப்பெண் போன வேகத்துக்கு எங்கள் யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை.

உப்பளத்து வரப்பு சேறாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குவியல் முக்கால்வாசி திறந்து, கண் கூசும் வெள்ளையில் நின்றது. பிரித்த ஓலைகளை வேலையாட்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். அப்பா அந்த அடுக்கைக் கலைத்து, ஓலைகளை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். மாமாவும் ஏற்றிக்கொண்டிருந்தார், ஆனால் வாதாடிக்கொண்டே.

“ஏம்பா, நானும் இத்தினி வருசமா பாக்கிறேன். நீ ஸ்டார் போட்டப்புறம் ஒரு தூறல் விழுந்திருக்குதா?”

“அது காயிதம்ண்ணே. நனைஞ்சா போயிடும்னு லேட்டா போடுவேன். இது பிளாஸ்டிக்கு.”

“பிளாஸ்டிக்குன்னு தெருவுல யார்கிட்டனா சொன்னியா?”

அப்பா அடுத்த ஓலையை ஏற்றினார். பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கியதை எதிர்வீட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்று எந்தக் குடும்பத்துக்கும் தோன்றாது. கீழே இருந்து நாங்கள் ஓலை எடுத்துக் கொடுத்தோம். மணப்பெண் ஓலைகளின் நுனியில் கல்லும் மண்கட்டியும் வைத்து அழுத்திக்கொண்டே போனாள். ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தபோது மழை வந்துவிட்டது. அந்தப் பக்கம் எங்கள் கண்ணெதிரே கூர்மை இழந்து, சரிந்து, வாய்க்காலோடு போயிற்று. உப்பு கரையும்போது சத்தம் எதுவும் கேட்பதில்லை. ஓலைக்குக் கீழே மற்றது நின்றது.

வீட்டுக்கு வந்ததும், உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அம்மா நாற்காலியை வாசலுக்கு இழுத்தாள். இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது முறையாக நட்சத்திரத்தை அவிழ்க்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எதிர்வீட்டு மாமா தெருவில் நின்று தலைத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“அவுக்காதம்மா. கட்டுனத அவுத்தா நல்லா இருக்காது. வெளக்க மட்டும் அணைச்சி வெய்யி. எரிஞ்சாதான் கணக்குன்னு தெருவுல நான் சொல்லிடுறேன்.”

அவர் சொல்லியும்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் எரியாத நட்சத்திரம் ஒன்று மழையில் தொங்கியது. கடைக்காரர் சொன்னபடியே அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வைக்கோலும் காக்கிக் காகிதமும் வாங்கிவந்து அம்மா உள்ளே கிறிஸ்து பிறப்புக் குடிலைத் தொடங்கினாள். நட்சத்திரத்தின் சுவிட்சை மட்டும் தொடவில்லை. ஒருநாள் சுவிட்சுப் பலகையைத் துடைக்கும்போது கை பட்டு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள்.

பண்டிகைக்கு முந்தைய மாலையில் மழை இல்லை. வானம் தெளியவும் இல்லை. பூசைக்குப் புறப்படுவதற்கு முன் அம்மா சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி, தெருவைத் தாண்டிக் கேட்கும் குரலில் சொன்னாள்.

“அண்ணே, இது பண்டிகைக்குப் போடுறேன். மழைக்கு இல்ல.”

“தெரியும்மா, போடு” என்றார் மாமா, தன் வாசலிலிருந்து.

நட்சத்திரம் எரிந்தது. மறுநாளும் எரிந்தது. மறுநாள் நல்ல வெயிலும் அடித்தது. மாமா ஓலையைப் பிரிக்கவில்லை. பண்டிகைக்குப் போட்ட விளக்கும் மழைக்குப் போட்ட விளக்கும் வேறு என்பதை அவர் அம்மாவைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். ஆனால் பலகாரம் கொண்டுபோன என்னிடம், மழையைப் பற்றி உங்கப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டுக்கொண்டார். அப்பா இனி எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். மாமாவே துணிந்து, இருபத்தேழாம் தேதி லாரிக்கு ஏற்பாடு செய்தார்.

இருபத்தாறாம் தேதி மாலையில் அம்மா விளக்கைப் போடவில்லை. இருட்டத் தொடங்கியதும் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்ததை நான் ஜன்னல் வழியாகக் கண்டேன்.

“என்னாம்மா, வெளக்க அணைச்சிட்ட? நாளைக்கி லாரிக்காரன வரச் சொல்லிட்டேனே. மழை வருதா?”

“இல்லண்ணே. இன்னிக்கு இருபத்தாறு.”

ஆமாம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய், தன் வாசல் விளக்கையும் அணைத்தார்.

மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், அம்மா நட்சத்திரத்தின் விளக்கைப் போட்டாள். பகலில் அதைப் போட வேண்டிய தேவை எதுவும் இல்லை. மாமா ஓலையைப் பிரித்தார். மாலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி எங்கள் வாசலைக் கடந்து போனது. மாமா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எரிந்துகொண்டிருந்த நட்சத்திரத்தை அவர் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.