தோடு போட்ட பாப்பா பாக்கெட்

இரண்டு வயதில் எடுத்த என் படம், திண்டுக்கல்லிலிருந்து பழனி வரைக்கும் எத்தனையோ வீட்டுக் குப்பைத்தொட்டிகளில் கிடந்திருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கறி மசாலைக் குழம்பில் கொட்டிய பிறகு பாக்கெட்டை யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள்? அத்தா, அதாவது என் அப்பா, பல நாள் யோசித்து எங்கள் மசாலுக்கு ஒரு பெயர் வைத்து, அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்தும் இருந்தார். ஒரு ஆள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "தோடு போட்ட பாப்பா பாக்கெட் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

படத்தில் எனக்கு முடி அதிகம் கிடையாது. பல்லும் இரண்டுதான் தெரியும். ஆனால் காதில் இருந்த சிவப்புக்கல் தோடு இரண்டும் அச்சில் பளிச்சென்று விழுந்திருந்தன. பெண்பிள்ளை படத்தைப் போட்டு வியாபாரமா என்று பெரியத்தா கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதற்குள் பாக்கெட் ஓட ஆரம்பித்துவிட்டது. பிறகு அவரே வந்து அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

அத்தாவுக்கு விளம்பரம் செய்யத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்காரர் வீட்டு விசேஷம். எங்கள் வீட்டு நாள்காட்டியில் பெருநாளைவிட, எந்தக் கடைக்காரர் மகளுக்கு வளைகாப்பு, எவருடைய குலசாமிக்குக் கிடாவெட்டு என்பதுதான் அதிகம் வட்டம் போட்டிருக்கும். கறிச்சோறு போடும் விசேஷம் என்றால் மசால் எங்கள் சீர். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதோடு முடியாது, குழம்பு கொதித்து அடங்கும்வரை சமையல்காரர் பக்கத்தில் அத்தா நிற்பார். என் பள்ளி ஆண்டுவிழாவில் நான் மயிலாக ஆடிய அன்று, அத்தா ரெட்டியார்சத்திரத்துக் கடைக்காரருடைய மச்சினன் மகள் சடங்கில் நின்றுகொண்டிருந்தார். மயிலுக்கு அன்று ஏற்பட்ட ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் வைத்துவிட உட்கார்ந்த அம்மாவின் கை என் இடது காதில் நின்றுவிட்டது.

"தோடு எங்கடி?"

தோடு தொலைந்தது முதல்நாள் மத்தியானம். மல்லியும் மிளகாயும் காயப்போட்டிருக்கும் மொட்டைமாடிக்குப் பிள்ளைகள் போகவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் போனேன். போனது மட்டுமில்லை, தண்ணீர்த்தொட்டி மேல் ஏறிப் பக்கத்து வீட்டு மாடிக்குக் குதித்து விளையாடிவிட்டுத் திரும்பியும் குதித்தேன். சாயங்காலம் காதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் ஒரு தோடு இல்லை என்று தெரிந்தது. அப்போதிருந்து முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு திரிந்தேன்.

மாடியைச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். வேலை செய்யும்போது தொலைத்தால் திட்டு பாதியாகக் குறையும் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கெட் போடும் அறையில் அம்மாவோடு உட்கார்ந்து படம் ஒட்டிக் கொடுத்திருந்தேனே, அது கைகொடுத்தது. "பாக்கெட் போடுறப்ப காது அரிச்சுச்சும்மா. திருகாணியத் திருகுனேன். அங்கதான் விழுந்திருக்கும்" என்றேன்.

திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் அத்தாவிடம் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த மாதிரி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை போட்ட பாக்கெட்டெல்லாம் சனிக்கிழமையே கடைகளுக்குப் போய்விட்டன. இன்று ஞாயிறு. பன்னிரண்டு மணிக்குள் அத்தனை வீட்டிலும் கறி கொதிக்கும். அத்தா சட்டையை மாட்டிக்கொண்டே, "பாப்பாவ வண்டியில ஏத்து. இன்னொரு தோட்டக் கழட்டாத. என்ன தேடணும்னு கடைக்காரவுகளுக்குக் காட்டணும்" என்றார்.

ஒரு சின்னத் தோட்டுக்கு வண்டி எடுப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆம்னி வேன் தெருவைத் தாண்டிவிட்டது.

ரெட்டியார்சத்திரத்தில் முதல் கடை. விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் பாக்கெட்டில் இருந்த பாப்பாவைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். மறுபடியும் பாக்கெட்டைப் பார்த்தார்.

"இந்தத் தோடா பாய்?"

"அதேதாண்ணே."

"அட போங்க பாய். இம்புட்டூண்டு தோட்டுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக? போனா போகுது."

"தோடு போனா போகுதுண்ணே. புள்ளைக தொண்டையில சிக்குனா என்ன செய்றது?"

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. அதுவரைக்கும் அந்தத் தோடு எனக்குத் தொலைந்த பொருள், அடி வாங்க வைக்கும் பொருள், அவ்வளவுதான். யாராவது அதை விழுங்கிவிடக்கூடும் என்று தோன்றவே இல்லை. மாடியில் கிடக்கும் தோட்டை ரெட்டியார்சத்திரத்தில் யார் விழுங்க முடியும் என்பது அடுத்த நிமிஷம் ஞாபகம் வந்தது. அதனால் ஆறுதல் வரவில்லை, பயம்தான் இன்னும் கூடியது. கடைக்காரர் பையன்களை வீடுவீடாக அனுப்பினார். பெண்கள் பாதி கிழித்த பாக்கெட்டோடு வந்து நின்றார்கள். "அட, பாப்பா இம்புட்டு வளந்திருச்சா" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அத்தா கிழிந்ததையும் வாங்கிக்கொண்டு புதுப் பாக்கெட் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர் யாரிடமும் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. அன்று எண்ணவே முடியாத அளவுக்குக் குனிந்தார்.

நான்காவது கடையை முடித்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் போகும் வழியில் அத்தாவின் செல்போன் அடித்தது. ஓரமாக வண்டியை நிறுத்திப் பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. "ம்" என்றார். அப்புறம், "சரி, வையி" என்றார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி செத்த நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இன்னொரு தடவ சொல்லு. தோட்ட எங்க தொலச்ச?"

"பாக்கெட் போடுற ரூம்லத்தா" என்றேன். நாலு கடை ஏறி இறங்கியதில் பொய்யும் கெட்டிப்பட்டிருந்தது. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

அத்தா உடனே வண்டியை எடுக்கவில்லை. இறங்கிப் போய், சாலையோரம் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஆயக்குடிக் கொய்யாப்பழம் ஒன்றை வாங்கி, நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் தின்று முடிக்கும்வரை எஞ்சின் ஓடவே இல்லை.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரில் அத்தாவுக்கு ஒரு கடைக்காரர் இருந்தார். எங்கள் பாக்கெட்டை முதன்முதலில் வாங்கி மாட்டியவர். அன்று அவர் பேரனுக்குக் காதுகுத்து, கறிவிருந்து. தோடு தொலையாமல் இருந்திருந்தால் அத்தா காலையிலேயே அங்கே அடுப்படியில் நின்றிருப்பார். அத்தா கை நனைக்க வேண்டும் என்பதற்காகவே பள்ளிவாசலில் இருந்து ஆள் கூட்டிவந்து கிடா அறுத்திருந்தார். போட்டிருந்ததெல்லாம் எங்கள் வெள்ளிக்கிழமை மசால்.

நாங்கள் போய் இறங்கியபோது ஒரு சத்தமும் இல்லை. ரெட்டியார்சத்திரத்திலிருந்து யாரோ போனில் சொல்லிவிட்டிருந்தார்கள். பந்தலில் இலை போட்டுச் சோறும் வைத்தாகிவிட்டது, குழம்பு மட்டும் ஊற்றவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெரிய அண்டாக்களில் குழம்பு மூடியிருந்தது. புதுக் கம்மலோடு மொட்டைத்தலைப் பேரன் மட்டும் அழுதுகொண்டிருந்தான்.

கடைக்காரர் வந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க பாய், நெசந்தானுங்களா? சாதிசனம் பூரா உக்காந்திருக்குதுங்க. இப்ப என்னங்க பண்றது?" சம்பந்தி வீட்டார் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அத்தா பந்தலின் நடுவில் போய் நின்றார்.

"மசால்ல ஒரு சந்தேகம். சந்தேகம் எங்க வீட்டுது. அதனால மொத எலையில நானும் எம்புள்ளையும் உக்காருறோம். நாங்க சாப்புட்டு எந்திரிக்கிற வரைக்கும் பொறுத்துக்கங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

என் கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். அந்தக் கையின் பிடி இப்போதும் மணிக்கட்டில் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு பெண், "ஐயோ, புள்ளையவாங்க?" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது.

குழம்பில் தோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தாவுக்குத் தெரியாதே. அத்தாவைப் பொறுத்தவரை அந்த அண்டாவுக்குள் ஒரு தோடும் ஒரு திருகாணியும் கிடக்கின்றன. கிடக்கின்றன என்று நம்பிக்கொண்டே என்னை உட்கார வைத்திருக்கிறார். முதல் கவளம் வாயில் இருக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. ஊர்ப் பிள்ளைகள் தொண்டையில் சிக்கிவிடும் என்று காலையிலிருந்து பதறிய மனிதருக்கு என் தொண்டை ஞாபகத்தில் இல்லை. மயிலாக ஆடிய அன்று வந்த ஆத்திரம் வேறு, இது வேறு. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"காரமுங்க" என்றார் பரிமாறியவர். "மசால் அப்படி."

அத்தா என் இலையில் இன்னொரு கரண்டி கறி வைக்கச் சொன்னார். நான் அதையும் தின்றேன். இரண்டு இலையில் ஊற்றிய குழம்பில் தோடு இல்லாவிட்டால் இரண்டு அண்டாவிலும் இல்லை என்று எப்படி ஆகும்? அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. நாங்கள் எழுந்து கை கழுவியதும் சம்பந்தி வீட்டார் முதலில் உட்கார்ந்தார்கள். பிறகு குழம்புக்கு வாளி போதவில்லை.

மிச்சமிருந்த கடைகளுக்கும் போய்ப் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அவ்வளவையும் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலது காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு, வேப்பங்குச்சி செருகிவிட்டார்.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் வியாபாரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பழனிச் சாலையில் எந்தக் கடையில் போய் நின்றாலும், "பெத்த புள்ளைய மொத எலையில உக்கார வச்ச பாய்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய கம்பெனிகள் வந்தன. டி.வி.யில் விளம்பரம் போட்டார்கள், பாக்கெட்டோடு டம்ளர் கொடுத்தார்கள். அந்தக் காதுகுத்து வீட்டுக்காரர் மற்ற பாக்கெட்டுகளை வாங்கி மாட்டவே இல்லை. இப்போது விற்பனையை நான் பார்க்கிறேன். கடைக்காரர்களைக் கூட்டி விருந்து வைக்கும்போதெல்லாம் என்னையே அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். கை தட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே எரியும். வியாபாரத்துக்காக என்னையே பணயம் வைத்தவர் என்று என் கணவரிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மாடியைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். அம்மா பீரோவிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து, "ஒன்னோடதுதான், இவளுக்குப் போடு" என்று திறந்தார். சிவப்புக்கல் தோடு. இரண்டு.

"இது எப்பம்மா கெடச்சுச்சு?" என்றேன்.

"எப்பவா? அன்னைக்கேதான். மல்லி காயப்போட மேல போனேன். தண்ணித்தொட்டிக்குப் பின்னால கெடந்துச்சு. ஒடனே ஒங்கத்தாவுக்குப் போன் போட்டேனே."

நாற்காலியில் உட்கார்ந்து பேத்திக்குப் பலூன் ஊதிக்கொண்டிருந்த அத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப பந்தியில உக்காந்தப்ப உங்களுக்குத் தெரியுமாத்தா? தெரிஞ்சா அங்கயே சொல்ல வேண்டியதுதானே?" என் குரல் நானே எதிர்பார்க்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது.

"தோடு வீட்டுலயே கெடச்சிருச்சுன்னு அங்க போயி சொன்னா எவன் நம்புவான்? கறி வீணாப்போயிரக் கூடாதுன்னு பாய் கதை கட்டிவிடுறாருன்னுதான் நெனைப்பாக" என்றார் அத்தா.

அம்மா சிரித்தார். "அது மட்டுமா? பாக்கெட்டுல இருக்கிறது இவ படம். அந்தப் புள்ள பொய் சொல்லுச்சுன்னு அவரு வாயால எப்புடிச் சொல்லுவாரு? நல்ல மசால்னு தெரிஞ்சேதான் அம்புட்டையும் கொல்லையில பொதச்சோம்."

அத்தா பலூனுக்கு முடிச்சுப் போட்டார். மறுக்கவில்லை.

என்னைப் பணயம் வைக்கவில்லை என்று நிம்மதி வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. இத்தனை வருஷம் அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன். ஊரே மெச்சிய அந்தப் பந்தியில் இரண்டு பொய்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து கறி தின்றிருக்கிறோம். என் பொய் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றிரவு படுத்த பிறகு ஞாபகத்துக்கு வந்தது பந்தி இல்லை. ஒட்டன்சத்திரச் சாலையில் ஓரமாக நின்ற வண்டிதான். போனை வைத்துவிட்டு, எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, தோட்டை எங்கே தொலைத்தாய் என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் சொன்ன பிறகும் வண்டியை எடுக்காமல் எஞ்சினை அணைத்துவைத்துக் காத்திருந்தார். கொய்யாப்பழம் வாங்கப் போனதும், நாலாகக் கீறச் சொன்னதும், நான் மெதுவாகத் தின்னும்வரை எதுவும் பேசாமல் இருந்ததும் எதற்காக என்று ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை. பழம் நல்லா இருக்குத்தா, இன்னொண்ணு வாங்கித் தாங்க என்று கேட்டேன்.