புயல் கூடத்துக்கு மார்க் போட்ட கதை

அதிகாரி முடிவெடுத்துவிட்ட பிறகு அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். ஆபீசில் எக்செலோடு மாரடித்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

முடிவு முதலில்

2006. கடலூரில் எங்கள் திட்டப் பிரிவுக்கு ஒரு வேலை வந்தது. சிதம்பரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் புயல் பாதுகாப்புக் கூடம். இரண்டு இடங்கள்: ரோட்டோரம், தோப்பு மேடு. உயரம், தூரம், லாரி வசதி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, முக்கியமானதற்கு வெயிட்டேஜ் கூட்டி, ஜெயிக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். சாருக்கு ரோட்டோரம்தான் பிடித்திருந்தது. திறப்பு விழாவுக்குக் கார் நேரே போகும். பக்கத்து சீட் செல்வம் தோளைத் தட்டினான்: "சார் முடிவு பண்ணிட்டாரு மச்சான். காரணத்த மட்டும் நீ கண்டுபுடி."

ஸ்கேல் வைத்த தூரம்

காரணம் தானாகவே கிடைத்தது. வெயிட்டேஜை எப்படி மாற்றினாலும் ரோட்டோரமே ஜெயித்தது. ஆனால் எண்களையும் ஒவ்வொன்றாக அசைத்து, முடிவு நிற்கிறதா என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. குப்பத்திலிருந்து ரோட்டோரத்துக்கு உள்ள தூரத்தை லேசாகக் கூட்டினேன். தோப்பு மேடு மேலே வந்துவிட்டது! ஒரு குப்பத்தின் உயிர் அந்த ஒரு எண்ணில் நிற்கிறது. அதையோ நாங்கள் மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்திருந்தோம்.

செல்வத்தின் வண்டியில் கிளம்பினோம். குப்பத்துக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே உப்பங்கழி பளபளவென்று கிடந்தது. பாலம் வழியாகச் சுற்றினால் தூரம் எங்கேயோ போனது. தோப்பு மேடோ குப்பத்துப் பக்கமே இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், அந்தப் பக்கம் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். "படகுலதான். புயலடிக்கறப்ப எவன் சார் படகு உடுவான்?"

சாரின் பெருந்தன்மை

நடக்கிற தூரத்தைப் போட்டுத் திருத்திய டேபிளை நீட்டிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். "தோப்பு மேட்டுலயே கட்டிடலாம். நான் மொதல்லேந்தே அதத்தான் சொல்றேன்னு நோட் போட்டுருப்பா."

விட்டுப்போனது

2011 கடைசியில் பெரும்புயல் வந்தது. கடலூரில் மரமெல்லாம் சாய்ந்து, போன் செத்துக் கிடந்தது. குப்பமே என் டேபிளை நம்பி அந்தக் கூடத்துக்குள் இருக்கிறதே, வேறு எந்த எண்ணைக் கோட்டை விட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. சிதம்பரத்துக்கு மாற்றலாகியிருந்த செல்வத்தின் குரல் ஒருவழியாகப் போனில் கேட்டது. அவன் சொல்லச் சொல்ல அழுதேவிட்டேன். "ஒருத்தருக்கும் ஒன்னும் ஆவல மச்சான். ஆனா ஆடு மொத்தத்தையும் உள்ள ஓட்டியாந்துட்டாங்க, காலு வைக்க எடமில்ல. ஆட்டுக்கு ஏன்டா மார்க் போடாம உட்ட?"

என் கணக்குகளில் எத்தனையோ விட்டுப்போயிருக்கும். அந்தக் கணக்கில் ஆடுகள் மட்டுமே விட்டுப்போனதில் எனக்கு இன்றைக்கும் பரம நிம்மதி.