ஆளிருக்கும் வீட்டு முற்றம்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வாரப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒழுங்குசெய்து கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. தம்பிராசா அண்ணையின் மனைவி புவனம் அக்கா பேசினார்.

"தம்பி, அவர் போயிட்டார்."

"எங்கை அக்கா?" என்று கேட்டேன். இருபது வருடங்களாக மரணச் செய்தி எழுதுகிற நான் அப்படித்தான் கேட்டேன். காலையில் வாசலில் பனி அள்ளிவிட்டு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை என்று அக்கா சொன்னார்.

அண்ணையை அறிந்தவர்களுக்கு அவர் எங்கள் பத்திரிகையின் ஒப்புநோக்குநர். பகலில் தொழிற்சாலை, மாலையில் எங்களிடம். மற்றப் பக்கங்களை ஒரு தடவை பார்ப்பார், மரண அறிவித்தலை மூன்று தடவை. "செத்த ஆள் வந்து பிழை சொல்லமாட்டார் ஐசே, நாங்கள்தான் பாக்கவேணும்" என்பார். அவருடைய அறிவித்தலை அன்று நானே மூன்று தடவை பார்த்தேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

நான் இங்கே எழுத நினைப்பது ஒரு வசந்தகாலத்தைப் பற்றி மட்டுமே. அண்ணை கனடாவுக்கு வந்து ஏழு வருடம் அக்காவைப் பிரிந்திருந்தார். அக்கா போரில் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு இருந்தார். அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார். 'கால் நீட்டி இருக்க ஒரு துண்டு நிலம் இருந்தால் போதும்' என்று அதில் இருந்தது. அண்ணை அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில், நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தார். 'இஞ்சை வீட்டுக்கு முன்னாலை பச்சைப் புல்லுத்தரை கிடக்கு, நீ வந்து இருக்கலாம்' என்று பதில் எழுதினார்.

நகரின் கிழக்கோரம் ரூஜ் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு சின்ன வீட்டை அந்தக் கடிதத்துக்காகவே வாங்கினார். "எழுதி அனுப்பியாச்சு ஐசே. இனிப் புல்லு முளைச்சுத்தான் ஆகவேணும்" என்றார். வீட்டின் முன்னால் இருந்ததோ களிமண்ணும் ஆணிகளும் உடைந்த செங்கல்லும்தான். இரண்டு பாய் அகல இடம். பனி முழுதாகக் கரையமுன்னரே மண் பைகளையும் விதையையும் என் காரில் ஏற்றி வந்தோம். விதைப் பையில் பச்சைப்பசேலென்று ஒரு படம். அதை அவர் சமையலறைச் சுவரில் ஒட்டாத குறை.

முதல் விதைப்பைப் பாதி மழை கொண்டுபோனது, மீதியைக் குருவிகள் தின்றன. அக்காவுக்கு விசா வந்துவிட்டது. அண்ணை அலுவலகத்துக்கு வந்து கதிரையில் விழுந்தார்.

"இருவத்தாறு நாள்தான் கிடக்கு. ஒண்டும் முளைக்கேல்லை. அவள் வந்து சேத்தைப் பாக்கப்போறாள்."

"அக்கா உங்களைப் பாக்கத்தானே வாறா, புல்லைப் பாக்கவே?"

"உமக்கென்ன விளங்கும்? ஏழு வருசத்திலை நான் அவளுக்குச் சொன்ன ஒரே பொய் உது."

அடுத்த முறை விதையை நெல்லைப்போல முளைகட்டினார். சாக்கில் நனைத்து, வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற்றில் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். நாளுக்கு மூன்று தரம் சாக்கைத் திறந்து பார்த்தார். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் மணலோடு கலந்து தூவினார். பின்னேரம் வேலையால் வந்ததும் குளிருக்குப் பயந்து கட்டில் விரிப்புகளையும் தன் இரண்டு வேட்டிகளையும் அதன்மேல் போர்த்தினார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. தான் ஒரு கம்பளி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தார். அக்கா வருவதற்கு ஆறு நாள் இருக்கையில் புல் வந்தது. மயிர் மாதிரி, விரற்கணு உயரம். அண்ணை மண்ணில் முழங்காலில் நின்று அழுதார். நான் காரைப் பார்ப்பதுபோல அப்பால் போனேன்.

அக்கா வந்த மறுநாள் காலை பக்கங்களின் படியைக் கொடுக்கப் போயிருந்தேன். அண்ணை தேத்தண்ணீரோடு முன்யன்னலடியில் நின்றார். வெளியே அக்கா குந்தியிருந்து, அந்தப் புல்லைப் பிடிபிடியாகப் பிடுங்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது. நான் கதவடிக்குப் பாய்ந்தேன். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"விடும் ஐசே."

கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன மனுசன் நீங்கள்? முத்தத்திலை புல்லு முளைக்க விட்டிருக்கிறியள். ஆளில்லாத வீடு மாதிரியெல்லே கிடக்கு. எங்கடை வீட்டு முத்தத்திலையும் இப்ப இடுப்பளவுக்குக் கிடக்குமாம்."

"ஓமப்பா, நேரம் கிடைக்கேல்லை" என்றார் அண்ணை. பக்கத்தில் குந்தி, மிச்சத்தை அவரும் பிடுங்கத் தொடங்கினார்.

கொஞ்சநேரம் கழித்து அக்கா கேட்டார்: "புல்லுத்தரை எண்டு எழுதினியளே, எங்கை?"

"அது பழைய வீட்டிலை."

நான் போகும்போது அண்ணை என் காரடியில் வந்து, "உந்தப் புல்லுக் கதையை அவளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார். அதன்பின் அந்த முற்றத்தில் அவர் எதுவும் விதைக்கவில்லை. அக்கா கூட்டினார், நிலம் மொட்டையாகவே இருந்தது. அண்ணை மூன்று வருடம் அந்த வெறும் மண்ணைக் கடந்து வேலைக்குப் போய்வந்தார். எங்களிடம் அதைப்பற்றி ஒருநாளும் பேசவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து நான் போனபோது அக்கா பேஸ்மென்ற்றிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். பச்சைப் படம் போட்ட அதே பை. அரைவாசி இருந்தது.

"இது என்ன விதை தம்பி?"

குருவிக்குப் போடுவது என்று சொல்லலாம் என்று ஒருகணம் நினைத்தேன். ஆனால் படத்தை அவர் பார்த்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன், கடிதத்திலிருந்து வேட்டி வரை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் நிப்பாட்டியிருப்பன்" என்றார். பிறகு, "பக்கத்திலை இருந்து தானும் பிடுங்கினாரே தம்பி" என்றார்.

யன்னலுக்கு வெளியே முற்றத்தின் மூலையில் அண்ணை அள்ளிக் குவித்த பனி இன்னும் கரையாமல் கிடந்தது. அக்கா பையை என் பக்கம் தள்ளினார்.

"பனி போய் நிலம் இளகினாப்போலை கொண்டுவந்து போட்டுவிடுங்கோ. இப்ப ஆளில்லாத வீடுதானே."

"நீங்கள் இருக்கிறியள் அக்கா" என்றேன். அவர் பையின் வாயை இறுக மடித்து என் கையில் தந்தார்.

அண்ணை சொன்ன வசனங்களில் என் காதில் நிற்பது 'ஓமப்பா, நேரம் கிடைக்கேல்லை' என்பது ஒன்றுதான். அந்த அரைப் பை என் காரின் பின்னால் இருக்கிறது. மூன்று வருடத்து விதை, முளைக்குமோ தெரியாது. ஆனாலும் இன்று காலை அதில் ஒரு பிடியை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.