காலருக்குள் இரண்டு சொட்டு லாவண்டர்

மைசூரில் ஆட்டோக்காரர்கள் முதல் சவாரி ஏற்றுவதற்கு முன் வண்டிக்குள் இரண்டு ஊதுவத்தி கொளுத்திவிடுகிறார்கள். பேக்கரியில் ரொட்டிக்குப் பக்கத்தில், சைக்கிள் கடையில், தேவராஜ மொஹல்லாவில் வெற்றிலை விற்பவரின் கூடையோரத்தில், எங்கும் அதே புகை. ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எங்கள் அப்பாவுக்கு மூச்சிரைப்பு. வீட்டில் ஊதுவத்தி வாங்குவதே கிடையாது. கோவில்பட்டியில் நான் அதைக் கட்டுக்கட்டாகப் பார்த்ததெல்லாம் துக்க வீடுகளில், தலைமாட்டில்தான். அதனால் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்த முதல் மாதம், ஊர் முழுக்க யாரோ செத்துக்கொண்டே இருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் ஓய்வறையில் கிரிஜா சிஸ்டர் ஊதுவத்தி ஏற்றியதைப் பார்த்து, அரைகுறைக் கன்னடத்தில், "யாரு தீரிஹோதரு?" என்று கேட்டேன். இறந்தது யார் என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரூ இல்ல, இவத்து சுக்ரவார" என்றாள். வெள்ளிக்கிழமையாம்.

அதெல்லாம் ஆறு வருடத்துக்கு முன். போன வருடம் என்னைத் தீக்காய வார்டில் போட்டார்கள். அங்கே சாவைவிடக் கடினம் கட்டுப் பிரிப்பது. ஒட்டிப்போன துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுக்க வேண்டும், படுத்திருப்பவர் கத்துவார், நிறுத்தக் கூடாது. ஒரு நாள் ஒரு குழந்தை இறந்த அரைமணி நேரத்தில் கேன்டீனுக்குப் போய் மசால் தோசையை மிச்சம் வைக்காமல் தின்றேன். ருசியாகவும் இருந்தது. எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது அன்றைக்குத்தான்.

அந்த வருடத்தில் வார்டிலிருந்து மூன்று நர்ஸுகள் நின்றுவிட்டார்கள். அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து திரும்பியிருந்த டாக்டர் வசுமதி, நர்ஸுகளின் மனச்சோர்வுக்கு என்று சின்னச் சின்னக் குப்பிகளில் வாசனைத் தைலங்கள் கொண்டுவந்தார். அரோமாதெரபி என்று பெயர் சொன்னார். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, சட்டைக் காலருக்குள் குத்திக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். அவரவருக்குப் பிடித்த வாசனை, வீட்டை நினைவூட்டும் வாசனை. கிரிஜா யோசிக்காமல் சந்தனத்தை எடுத்தாள். நான் ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, வீட்டை நினைவூட்டாததாக ஒன்று வேண்டும் என்றேன். டாக்டர் என் தோளைத் தொட்டு, "யாக்கம்மா, மனேயல்லி ஜகளவா?" என்றார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை, எதுவுமே நினைவுக்கு வராமல் இருந்தால் போதும் என்று விளக்க என் கன்னடம் போதவில்லை. லாவண்டரை எடுத்துக்கொண்டேன். எந்தத் தெருவுக்கும் எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத வாசனை அது.

வேலை செய்தது, பொய் சொல்ல மாட்டேன். கத்தல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலக் கேட்டது. அந்த நாட்களில்தான் பழனியம்மாள் வந்து சேர்ந்தாள். கொள்ளேகாலுக்கு அப்பால் தமிழர்கள் வாழும் மார்டள்ளிக் கிராமத்துக்காரி, விவசாயக் குடும்பம், இருபத்திரண்டு வயது. ஸ்டவ் வெடித்து இரண்டு கையும் கழுத்தும் வெந்திருந்தன. தமிழ் பேசுகிறவள் என்பதால் அவளை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஏழு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், நான்தான் குனிந்து கட்டுப் பிரித்தேன். "போதுமுங்க அக்கா, போதுமுங்க" என்பாள். நான் நிறுத்தாமல் அடுத்த துணியை நனைப்பேன். அவள் பிழைத்துப் போனாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை. அந்த வாரமே, மாதக் கடைசியோடு விலகிக்கொள்கிறேன் என்று மேட்ரனிடம் எழுதிக் கொடுத்தேன். தைலத்தால் நிம்மதி கிடைத்தது; ஆனால் யார் கத்தினாலும் நிம்மதியாக இருக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்துப் பழனியம்மாள் தழும்பு காட்ட வந்திருந்தாள். நான்தான் ஆசையாக எதிரே போனேன். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், கிட்டே வந்ததும் இரண்டு கையையும் நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டாள். உதடு வெளுத்தது. பெஞ்சுக்கு அடியிலேயே வாந்தி எடுத்தாள்.

"என்னம்மா செய்யுது? காலைல என்ன சாப்ட்ட?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. உங்க மேல தப்பில்லீங்க. அந்த வாசம் வந்துச்சுன்னா அடுத்தது கட்டுப் பிரிப்பாங்கன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

எனக்கு எதுவுமே நினைவுபடுத்தக் கூடாதென்று தேடி எடுத்த வாசனை. அதை நான் ஏழு வாரம் அவள் மூக்கருகே கொண்டுபோய், அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காதபடி செய்திருக்கிறேன். நர்ஸுகளின் மனசுக்காக இவ்வளவு யோசித்த எங்களில் ஒருவருக்கும், கட்டிலில் கிடக்கிறவளுக்கும் மூக்கு உண்டு என்று தோன்றவில்லை. ஓய்வறைக்குப் போய்ப் பஞ்சை எடுத்து எறிந்தேன். கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்போது அழுதேன். வெட்கமாக இருந்தது, வலித்தது. வலிக்கிறதே என்று உள்ளூர ஆச்சரியமாகவும் இருந்தது.

இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு, அவளை நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். பலகைகள் எல்லாம் கன்னடத்தில். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள், "கொள்ளேகால் வண்டி எதுங்க அக்கா?" என்று கேட்டாள். கர்நாடகத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, கோவில்பட்டிக்காரி நான் கன்னடத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னேன். அது எங்கள் இருவருக்குமே விசித்திரமாகப் படவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வெந்த கையை மெல்ல வெளியே நீட்டி என் கையைப் பிடித்தாள். "அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. அந்த வாசத்த வுட்டுப்போட்டு நீங்க மட்டும் வாங்க அக்கா."

"வாரேன்" என்றேன்.

பஸ் திரும்பி மறைந்த பிறகுதான், அடுத்த மாதம் நான் இங்கே இருக்கப்போவதில்லை என்பது உறைத்தது. ஊரில் எனக்காகப் பின்னறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, கட்டிலும் வாங்கிப் போட்டாகிவிட்டது, என்றைக்கு வருகிறாய் என்று அம்மா எழுதிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. அம்மாவுக்கும் வருகிறேன் என்றுதான் பதில் போட்டிருந்தேன்.