போன் அக்காவின் பீரோ

விளாங்குடியில் உள்ள அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் கனகாவுக்குப் பெயர் ‘போன் அக்கா’. காலையில் வாசலில் நின்று பிள்ளைகளின் செல்போன்களை வாங்கி, நம்பர் தைத்த துணிப்பையில் போட்டு, ஆபீஸ் பக்கத்து அறை பீரோவில் பூட்ட வேண்டும். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு ஆளா என்று கேட்கிறவர்கள் நூற்று நாற்பது போனை ஒரு வாரம் கட்டி மேய்த்துப் பார்க்கட்டும். பீரோவை விட்டு நகரக் கூடாது என்பதால் மத்தியானச் சாப்பாடும் அங்கேயே, தனியாக. பக்கத்து அறையில் டீச்சர்கள் கூட்டாஞ்சோறு மாதிரி கலந்து சாப்பிட்டுச் சிரிப்பது சுவர் தாண்டிக் கேட்கும்.

வீட்டிலும் பேச ஆள் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. ஒரே மகள் சத்யப்ரியா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனசுக்குப் பிடித்தவனோடு கிளம்பிப் போய்விட்டாள். சொந்த ஊரான திருமங்கலத்தில் தலைகாட்ட முடியாமல் கனகா யாரிடமும் சொல்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தாள். வந்த வேகத்தில் சிம்மைக் கழற்றி ஒடித்துப் போட்டாள். மகள் நம்பர் அதில்தான் இருந்தது. கோபம் ஒரு மாசத்தில் ஆறிவிட்டது. நம்பர்தான் திரும்பி வரவில்லை. அம்மா எங்கே இருக்கிறாள் என்று மகளுக்கும் தெரியாது.

போன வாரம் வந்தது வினை. “அடியே, சுவிட்ச் ஆஃப் பண்ணுனியா இல்லையா?” என்று கனகா வாசலில் கத்துவதை யாரோ படம் பிடித்து, குக்கர் விசில் சத்தம் சேர்த்து இன்ஸ்டாவில் போட்டுவிட்டார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வேன் டிரைவர்கூட அவளைக் கண்டதும் விசில் அடித்தார். கனகாவுக்கு உடம்பு கூசிப் போயிற்று.

போட்டது பன்னிரண்டாம் வகுப்பு ஆர்த்திகா. எச்.எம். முன்னால் நின்று அந்தப் பெண் வீடியோவை அழித்தாள்.

“அது பத்தாது டீச்சர். அழிச்சது முப்பது நாளு உள்ளயே கெடக்கும். அங்க போயும் அழிக்கச் சொல்லுங்க” என்றாள் கனகா. இந்த வேலையில் கற்றுக்கொண்ட வித்தை அது. ஆர்த்திகா அதையும் அழித்தாள். தண்டனையாக அவள் போனை ஒரு மாசத்துக்குப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம், கனகா டிபன் பாக்ஸை எடுக்கும் நேரத்தில் ஆர்த்திகா வந்து நின்றாள்.

“மன்னிச்சிருங்கக்கா. ஆனா எல்லாரும் கேலி பண்ணலக்கா. ஒருத்தவங்க கமெண்ட்ல நல்லாத்தான் கேட்டிருந்தாங்க.”

“என்னன்னு?”

“‘இது எங்கம்மா. எந்த ஊர்ல இருக்காங்க? நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?’ன்னு. ஸ்கூல் பேரு தெரிஞ்சிரும்னு பயந்து நான்தான் பதில் போடல.”

காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது சத்யா தினமும் போனில் முதலில் கேட்பது அதைத்தான். நேரத்துக்குச் சாப்பிட்டியாம்மா?

“யாருன்னு பேரு போட்டிருந்துச்சு?”

“ஞாபகம் இல்லக்கா. ஏதோ பூப்படம் இருந்துச்சு. வீடியோவோட அதுவும் போயிருச்சு.”

இரண்டு வருஷமாகக் கனகா ஏங்கிக் கிடந்த மகள் வாசல்வரை வந்து கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே போய் அதையும் அழி என்று சொன்னது தன் வாய்தானே!

எழுந்து பீரோவைத் திறந்தாள். பள்ளிக்கூட நேரத்தில் அது திறந்தது அதுதான் முதல் தடவை. ஆர்த்திகாவின் பையை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“என்னைய வீடியோ எடுத்து மறுபடி போடு.”

“எச்.எம். பாத்தா உங்க வேலை போயிரும்க்கா.”

“போகட்டும். அந்த விசில் சத்தத்தையும் சேத்துப் போடு. அப்பத்தான அம்புட்டுப் பேரும் பாப்பாக.”

ஆர்த்திகா போனை நிமிர்த்திப் பிடித்தாள். கனகா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். திறக்காத டிபன் பாக்ஸ் படத்தில் விழாதபடி அதை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

“சத்யா, அம்மா விளாங்குடியில இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுறேன்.”

பிறகு தன் புது நம்பரைச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள், மெதுவாக, எழுதிக்கொள்ளத் தோதாக.